சாளரம் ஒன்று, வாசல்கள் எத்தனை?

தொழில் தொடங்க விரும்பியவர்கள் தில்லி உத்யோக் பவனின் தாழ்வாரங்களில் காத்துக் கிடந்த காலம், 1991 ஜூலை 24 அன்று வெளியான புதிய தொழிற்கொள்கையோடு பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றே தீரவேண்டும் என்றிருந்த தொழில்களில், ஒருசில நீங்கலாக மற்றவை அனைத்தும் விடுவிக்கப்பட்டன. உரிம ராஜ்யம் ஒழிந்தது என்று அன்று எழுதினார்கள். உண்மையில் ஒழிந்தது மத்திய அரசின் உரிமம் மட்டுமே. நிலம், கட்டடம், மின்சாரம், தண்ணீர், மாசு, தொழிலாளர் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான அனுமதிகள் மாநில அரசுகளின் கையில் இருந்தன, இன்றும் இருக்கின்றன. வரிசை கலையவில்லை. தில்லியிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு இடம் மாறியது.

அந்த வரிசை எப்படி நகர்கிறது என்பதை அறிய விரும்புவோர் பெங்களூரைவிட நஞ்சன்கூட்டைப் பார்ப்பது நல்லது. மைசூருவிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கபினி என்று நாம் அறிந்த கபிலை ஆற்றின் கரையில் உள்ள ஊர் அது. ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலாலும், புவிசார் குறியீடு பெற்ற ரசபாளை வாழையாலும், பற்பொடியாலும் பெயர் பெற்றது. கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம் அங்கே தொழிற்பகுதியை உருவாக்கியது. நெஸ்லே நிறுவனம் 1989-இல் தன் ஆலையைத் தொடங்கியது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட பண்ணாரி அம்மன் சர்க்கரை நிறுவனத்தின் ஆலையும் அந்த வட்டத்தில் இயங்குகிறது. ஆகவே, நஞ்சன்கூட்டுக்குத் தொழில் வரவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. யாருக்கு வழி எளிதாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அந்த வட்டத்து விவசாயக் குடும்பம் ஒன்று, பத்துப் பேருக்கு வேலை தரும் வாழைப்பழப் பதப்படுத்தும் கூடம் அமைக்க எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த உத்யம் பதிவு, ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைத்துவிடும். இது பாராட்டத்தக்க சீர்திருத்தம். ஆனால், அந்தப் பதிவு அவர்களைச் சிறுதொழில் முனைவோர் என்று அடையாளம் காட்டுமே தவிர, ஒரு செங்கல்லை எடுத்துவைக்கவும் அனுமதி தராது. சொந்த வயலே ஆனாலும், 1964-ஆம் ஆண்டு கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தின் 95-ஆவது பிரிவின்படி, வேளாண் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வருவாய்த் துறையின் ஒப்புதல் வேண்டும். கட்டட வரைபடத்துக்கும் வணிக உரிமத்துக்கும் உள்ளாட்சி அமைப்பை நாட வேண்டும். மின் இணைப்புக்குச் சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் கழகத்திடம் போக வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு, எடையளவுத் துறையின் பதிவு, வரம்பைத் தாண்டினால் சரக்கு-சேவை வரிப் பதிவு என்று பட்டியல் நீள்கிறது.

இவற்றை ஒரே இடத்தில் பெறுவதற்குத்தான் ஒற்றைச் சாளர முறை வந்தது. கர்நாடகத் தொழில்கள் (வசதிப்படுத்தல்) சட்டம், 2002 இதற்காகவே இயற்றப்பட்டது. முதலீட்டின் அளவுக்கேற்ப மூன்று குழுக்கள். சிறிய திட்டங்களை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பார்க்கும். அடுத்த நிலையில் மாநில அளவிலான குழு. மிகப்பெரிய திட்டங்களுக்கு முதலமைச்சரே தலைமை தாங்குவார். ஏட்டளவில் குறை காண இயலாத ஏற்பாடுதான்.

நடைமுறையில் நிகழ்வது வேறு. முதலமைச்சரின் குழுவுக்கு வரும் நிறுவனம் தனது வழக்கறிஞர்களோடும் ஆலோசகர்களோடும் வருகிறது. அதன் கோப்பு ஒரு மேசையில் தங்கினால் மேலிருந்து கேள்வி வரும். மாவட்டக் குழுவின் ஒப்புதலைப் பெற்ற சிறுமுதலீட்டாளருக்கு அந்தக் காகிதம் ஓர் அறிமுகக் கடிதம் மட்டுமே. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மறுபடியும் ஒவ்வொரு துறையின் ஆணைக்காகவும் காத்திருக்க வேண்டும். சாளரம் ஒன்றுதான், அதற்குப் பின்னால் உள்ள வாசல்கள் பல.

இந்தத் தாமதத்துக்குத் தீர்வாக அண்மை ஆண்டுகளில் பல மாநிலங்கள் புதிய வழியொன்றைக் கண்டுபிடித்துள்ளன. முதலில் தொடங்குங்கள், அனுமதியைப் பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்பதே அது. ராஜஸ்தானும் கேரளமும் 2019-இல் இதற்கான சட்டங்களை இயற்றின. கர்நாடகம் 2020-இல் தனது 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. குழுவின் ஒப்புதலும் தொழில் முனைவோரின் உறுதிமொழியும் இருந்தால் கட்டுமானத்தைத் தொடங்கலாம்; அனுமதிகளை மூன்று ஆண்டுகளுக்குள் அல்லது உற்பத்தி தொடங்கும் முன்பு பெற்றால் போதும் என்று அத்திருத்தம் கூறியது.

கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால், இதனால் பயன்பெறுவது யார்? கடன் கொடுக்கும் வங்கி, உறுதிமொழிப் பத்திரத்தை நம்பிப் பணத்தை விடுவிப்பதில்லை. நில மாற்ற ஆணையையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவையும் கேட்கிறது. மேலும், 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், மாநிலங்களின் தீர்மானத்தின் பேரில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அரசமைப்பின் 252-ஆவது பிரிவின்கீழ் இயற்றப்பட்ட அதனை மாநிலச் சட்டமன்றம் திருத்த முடியாது. எனவே, மாநிலம் தரும் சான்று வாரியத்தின் இசைவுக்கு மாற்றாகாது. சொந்தப் பணத்தை மூன்றாண்டுக் காலம் முடக்கி வைக்கக்கூடியவர்களுக்கே இச்சலுகை உதவும். கடன் வாங்கித் தொழில் தொடங்குபவருக்கு உதவாது.

அதிகாரியின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதும் புதிய சிந்தனை அன்று. நான்கு மாதங்களுக்குள் வாரியம் முடிவு சொல்லாவிட்டால், நிபந்தனை ஏதுமின்றி இசைவு அளித்ததாகவே கருதப்படும் என்று 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆவது பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். இது யாருக்கும் நன்மை தரும் ஏற்பாடன்று. நேர்மையான முனைவோருக்கு வங்கியில் காட்டக் கையெழுத்திட்ட ஆணை கிடைப்பதில்லை. நேர்மையற்றவருக்கோ எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாத அனுமதி கிடைத்துவிடுகிறது.

தாமதத்துக்கு அதிகாரி என்ன விலை கொடுக்கிறார்? குறித்த காலத்தில் சேவை தர வேண்டும் என்பதற்காகக் கர்நாடகம் 2011-இல் இயற்றிய ‘சகால’ சட்டம் நல்ல முன்னோடி. ஆனால், அது நிர்ணயித்த இழப்பீடு நாளொன்றுக்கு 20 ரூபாய். உச்சவரம்பு 500 ரூபாய். இருபத்தைந்து நாள்களுக்குப் பிறகு தாமதத்துக்கு விலையே இல்லை. கடன் வாங்கி இயந்திரம் இறக்கியவருக்கோ வட்டி ஒருநாளும் நிற்பதில்லை.

இதைப் படிக்கும் தமிழக வாசகர், கர்நாடகத்து நிர்வாகம் நமக்கு எதற்கு என்று எண்ணக்கூடும். நஞ்சன்கூட்டைக் கடந்துசெல்லும் கபினி, திருமுகூடல் நரசிபுரத்தில் காவிரியோடு கலந்து மேட்டூருக்கு வருகிறது. பருவமழைக் காலத்தில் கபினி அணை திறக்கப்பட்ட செய்திக்காக டெல்டா விவசாயி காத்திருக்கிறார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடெங்கும் அடையாளம் கண்ட 351 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளில், நஞ்சன்கூடு முதல் ஹெஜ்ஜிகே வரையிலான கபினியும் ஒன்று. அதற்கு ஆலைகளை மட்டும் குற்றம் சொல்ல இயலாது. சுத்திகரிக்கப்படாத நகரக் கழிவுநீர் நாடெங்கும் ஆறுகளைக் கெடுக்கிறது. எனினும், அந்தக் கரையில் யாருக்கு எந்த நிபந்தனையோடு அனுமதி தரப்படுகிறது என்பது நமக்கும் உரிய விவகாரம்.

பார்க்காமல் அனுமதித்தால் என்ன நேரும் என்பதைத் தமிழகம் அனுபவித்து அறிந்திருக்கிறது. திருப்பூரின் சாயப்பட்டறைகள் பெருகியபோது நொய்யல் ஆற்றைப் பற்றி எந்த அலுவலகமும் உரிய நேரத்தில் முடிவெடுக்கவில்லை. ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. விவசாயி நிலத்தை இழந்தார். தொழிலாளி வேலையை இழந்தார். முதலீட்டாளர் பணத்தை இழந்தார். தொடக்கத்திலேயே தெளிவாக ‘முடியாது’ என்றோ, ‘இந்த நிபந்தனையோடு முடியும்’ என்றோ சொல்லப்பட்டிருந்தால் மூவருமே பிழைத்திருப்பார்கள்.

ஆகவே, தொழில் தொடங்குவதை எளிதாக்குவதும் ஆற்றைக் காப்பதும் எதிரெதிரான கோரிக்கைகள் என்ற வாதம் தவறானது. இரண்டும் கேட்பது ஒன்றைத்தான்: குறித்த நாளுக்குள் நேரில் பார்த்து, காரணத்தோடு எழுத்தில் முடிவு சொல்லும் அதிகாரி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் அண்மை ஆண்டுகளில் வைக்கப்பட்ட கணக்கின்படி, நாட்டின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலியாகக் கிடந்தன. ஆளில்லாத மேசைமீது எத்தனை இணையதளங்களை வைத்தாலும் கோப்பு நகராது.

தில்லியோ தரவரிசைகளில் கண்ணாக இருந்தது. உலக வங்கியின் எளிதாகத் தொழில் செய்யும் நாடுகளின் பட்டியலில் 142-ஆவது இடத்திலிருந்து 2020-ஆம் ஆண்டு அறிக்கையில் 63-ஆவது இடத்துக்கு இந்தியா முன்னேறியதைக் கொண்டாடினோம். அந்த அறிக்கை இந்தியாவில் அளந்தது தில்லியையும் மும்பையையும் மட்டுமே. புள்ளிவிவர முறைகேடுகள் வெளிப்பட்டதால் 2021-இல் உலக வங்கி அந்தப் பட்டியலையே கைவிட்டுவிட்டது. நஞ்சன்கூடு போன்ற ஊர்களை எவரும் அளக்கவே இல்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. மாசு ஏற்படுத்தாத தொழில்களுக்கு வாரியத்தின் இசைவே தேவையில்லை என்று மத்திய அரசு 2024-இல் அளித்த விலக்கைப் போல, ஆபத்தற்ற சிறுதொழில்களுக்குப் பிற துறைகளும் பதிவோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஆற்றையும் நிலத்தடி நீரையும் பாதிக்கக்கூடிய தொழில்களுக்கு, முதல் செங்கல் வைக்கும் முன்பே நேரடி ஆய்வு நடக்கட்டும். விளக்கங்களை ஒரே தடவையில் கேட்க வேண்டும். கெடு தாண்டினால் கோப்பு தானாக மேலதிகாரியிடம் செல்ல வேண்டும். தாமதித்தவரின் பணிப்பதிவில் அது இடம்பெற வேண்டும். கொடுக்கப்பட்ட ஒவ்வோர் அனுமதியும் அதன் நிபந்தனைகளும், கிராமப் பஞ்சாயத்துப் பலகையிலும் இணையத்திலும் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். மேட்டூருக்குக் கீழே இருப்பவரும் அதைப் படிக்க முடிய வேண்டும்.

பெரிய ஆலைக்கு முதலமைச்சர் கதவைத் திறந்துவிடுவார். பத்துப் பேருக்கு வேலை தர முன்வரும் சாதாரணக் குடிமகனுக்குச் சட்டம்தான் கதவைத் திறக்க வேண்டும். அவருக்கு உரிய நேரத்தில் ஒரு பதிலைக்கூடத் தர முடியாத நிர்வாகம், தொழில் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.