மதம் கேட்டுக் கொடுத்தால் அது உரிமையல்ல

இரயிலே ஓடாத தீவில் இரயில்வே குமாஸ்தா வேலை பார்க்கிறேன் என்றால் ஊர்ப்பக்கம் சிரிக்கிறார்கள். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நம் போர்ட் பிளேரில் தண்டவாளம் கிடையாது. முன்பதிவுக் கவுண்டர் உண்டு. கப்பலேறிச் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ போகிறவர், அங்கிருந்து ஊர் போய்ச் சேரும் டிக்கெட்டை இங்கேயே எடுத்துக்கொள்கிறார். அவர் நீட்டும் படிவத்தில் பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த வண்டி, எந்த நாள், மேல் படுக்கையா கீழ்ப் படுக்கையா என்று பல கட்டங்கள் இருக்கின்றன. மதம் என்ன என்று கேட்கும் கட்டம் மட்டும் இல்லை.

அன்பர்களே, இந்தச் சின்ன விஷயத்தை எழுதக் காரணம் உண்டு. இந்த நாட்டின் குடிமகன் யார் என்று தீர்மானிக்கும் சட்டத்தில் அந்தக் கட்டம் வந்துவிட்டது.

2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைச் சொல்கிறேன். பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்தவர்களில் இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறித்தவர் ஆகியோருக்கு வழி திறந்தது. முஸ்லிமுக்கு இல்லை. இலங்கையிலிருந்து வந்த தமிழருக்கும் இல்லை. மாநிலங்களவையில் 125க்கு 105 என்று மசோதா தேறியபோது, ஆதரவாக விழுந்த வாக்குகளில் தமிழகத்து அ.தி.மு.க. உறுப்பினர்களின் வாக்குகளும் இருந்தன. நாடெங்கும் மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஆனாலும் 2024 மார்ச் 11இல் விதிகள் வெளியாகிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது.

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில் இது பற்றி ஒரு தீர்மானம் வந்தது. "ஈழத்தமிழ் அகதிகளும் இந்துக்களே, ஆகவே அவர்களையும் சட்டத்தில் சேர்க்க வேண்டும்" என்பது அதன் வாசகம். "இந்துக்களே" என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள் என்றேன். சிலருக்குக் கோபம் வந்தது. "சாமி நம்பிக்கை இல்லாதவன் பேச்சு இது" என்றார் ஒருவர். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறவன் நான். திருநீறு பூசாமல் கவுண்டரில் உட்கார்ந்ததில்லை. என் கடவுள் மேல் எனக்குப் பக்தி உண்டு. அந்தக் கடவுளைக் குடியுரிமை அலுவலகத்தில் சாட்சிக்கு நிறுத்துவதைத்தான் ஒப்பமாட்டேன் என்கிறேன்.

என் தகப்பனார் கதை

என் தகப்பனார் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயத்தில் பிறந்தவர். 1948இல் இலங்கை அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவரைப் போன்ற இலட்சக்கணக்கானவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தகப்பனார் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமில் கிடந்தார். பிறகு ரப்பர் தோட்ட வேலைக்கென்று நிக்கோபாரின் கச்சல் தீவுக்கு அனுப்பப்பட்டார். அந்தக் கச்சலையும் 2004 டிசம்பர் 26இல் கடல் வாரிக்கொண்டது.

அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர் தந்தை செல்வா. அவர் கிறித்தவர். தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் இந்துக்கள். "இவர்கள் என் மதமா?" என்று அவர் கேட்டிருந்தால் வாயைத் திறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் அநியாயத்தைப் பார்த்தார், மதத்தைப் பார்க்கவில்லை.

ஈழத்து அகதிகளில் கிறித்தவரும் இருக்கிறார்கள். "இந்துக்களே" என்று நாம் எழுதினால் அவர்களை எந்தப் பக்கம் நிறுத்துகிறோம்? 1983 முதல் தமிழகத்து முகாம்களில் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே மணமுடித்துப் பிள்ளை பெற்றவர்களும் உண்டு. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்கள் மீது வழக்குப் போடுவதில்லை என்று 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. நல்லதுதான். ஆனால் தண்டிக்கமாட்டோம் என்பது வேறு, நீ எங்கள் குடிமகன் என்பது வேறு. குடியுரிமை கேட்போம், உரக்கக் கேட்போம். அடிபட்டு வந்தவர்கள், நாற்பதாண்டு இந்த மண்ணில் உழைத்தவர்கள் என்பதற்காகக் கேட்போம். பாகிஸ்தானிலிருந்து வந்த இந்துவுக்குக் கிடைத்ததில் நமக்குப் பொறாமை இல்லை. அவர் பட்டதும் துன்பம்தான்.

இந்தக் கடலில் மிதப்பவர்கள்

இன்னொன்றும் சொன்னேன், அதற்குத்தான் கூச்சல் அதிகம். மதம் பார்க்கவேண்டாம் என்பது உண்மையானால், ரோஹிங்கியாக்களைப் பற்றியும் தீர்மானத்தில் ஒரு வரி வேண்டும் என்றேன். 2021 பிப்ரவரியில் எஞ்சின் பழுதாகி அந்தமான் கடலில் தத்தளித்த அவர்களுடைய படகை நம் கடலோரக் காவற்படை கண்டுபிடித்துச் சோறும் தண்ணீரும் கொடுத்தது. அது பெருமைக்குரிய காரியம். 2025 மே மாதம் வந்ததோ வேறு செய்தி. டெல்லியில் பிடிக்கப்பட்ட ரோஹிங்கியாக்கள் விமானத்தில் நம் தீவுக்குக் கொண்டுவரப்பட்டு, கடற்படைக் கப்பலில் ஏற்றப்பட்டு, சுமார் நாற்பது பேர் மியான்மர் கரையருகே உயிர்காப்பு அங்கியோடு கடலில் இறக்கிவிடப்பட்டார்கள் என்பது புகார். ஐ.நா. மனித உரிமை நிபுணர் டாம் ஆண்ட்ரூஸ் விசாரணை தொடங்கினார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். உண்மையா பொய்யா என்பது விசாரணையில் தெரியட்டும். அந்த விசாரணை வேண்டும் என்று கேட்கக்கூட நமக்கு நாக்கு எழவில்லையே, ஏன்?

"தீவில் இடமில்லை" என்கிறார்கள். நியாயம்தான். இது நாம் வருமுன்பே ஜாரவாக்களும் நிக்கோபாரிகளும் வாழ்ந்த மண். இங்கே குடியேற்றத்துக்கு வரம்பு வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே குடிவைக்க முடியாது என்று சொல்வதும், மனிதரைக் கடலில் இறக்கிவிட்டால் பேசாமல் இருப்பதும் ஒன்றாகிவிடுமா?

இந்தத் தீவின் சரித்திரத்தைப் பாருங்கள். 1921 கலகத்துக்குப் பின் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார் முஸ்லிம்கள். 1925இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறிய கரேன்கள் கிறித்தவர்கள். 1949 முதல் வந்த கிழக்கு வங்கத்தார் இந்துக்கள். கைதிகளாக வந்தவர்கள் சாதியும் மதமும் கலந்து மணந்து உண்டானதே இங்குள்ள 'லோக்கல் பார்ன்' சமூகம். கப்பலிலிருந்து இறங்கியவன் அடுத்த கப்பலில் வருகிறவனைப் பார்த்து "நீ என்ன மதம்?" என்று கேட்டிருந்தால் இந்த ஊரே உண்டாகியிருக்காது.

போராடி என்ன கண்டோம் என்பாரும் உண்டு. 1933இல் செல்லுலார் சிறை உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் மாண்டார்கள். 1937இல் கைதிகள் மறுபடியும் பட்டினி கிடந்தார்கள். தாய்நாட்டில் மக்கள் கிளர்ந்தார்கள். 1938 தொடக்கத்துக்குள் அரசியல் கைதிகள் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உள்ளே இருந்தவன் பட்டினியோடு வெளியே இருந்தவன் குரலும் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் மீண்டும் வருகிறது. என் திருத்தம் இரண்டே: "இந்துக்களே" என்ற சொல் போக வேண்டும், கடலில் இறக்கப்பட்டவர்களைப் பற்றி விசாரணை வேண்டும் என்ற வரி சேர வேண்டும். தோற்றாலும் சங்கத்தை விட்டுப் போகமாட்டேன். ஆனால் கை தூக்குமுன் ஒவ்வொருவரும் உங்கள் தகப்பனாரோ பாட்டனாரோ எந்தக் கப்பலில் வந்தார், அவரிடம் இறங்குதுறையில் என்ன கேட்டார்கள் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கை தூக்குங்கள்.