கண் தாளில் இருக்கட்டும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறும் பேருந்தில் ஒரு மாலை நாம் பயணம் செய்தோம். பரிகம் தாண்டி வண்டி வளைவுகளில் ஏறத் தொடங்கியபோது, எதிர்வரிசையில் தாயுடன் அமர்ந்திருந்த இளம்பெண் ஒருத்தி, மடியிலிருந்த பையின்மேல் விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தியவாறு உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள். செபமாலை சொல்லுகிறாள் போலும் என்று எண்ணி, "எந்த ஊர், அம்மா? செபமா?" என்று வினவினோம்.

"கரியாலூருங்க ஐயா. செபம் இல்லீங்க, டைப் பாடம். யளனக, டமத..." என்று கூறி வெட்கத்துடன் சிரித்தாள்.

கள்ளக்குறிச்சியில் உறவினர் இல்லத்தில் தங்கி டைப்ரைட்டிங் பயில்கிறாளாம். ஏன் இந்தப் பாடத்தை எடுத்தாள் என்பதைத் தாயே சொன்னார். குடும்ப அட்டையில் தந்தையின் பெயரின் முதலெழுத்தான 'ம', எங்கோ யாரோ பதிவு செய்கையில் 'த' ஆகிவிட்டது. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், அட்டையில் வேறொரு பெயர். அதனால் மகளின் விண்ணப்பம் ஒன்று திரும்பி வந்தது. சாமையும் மரவள்ளியும் பயிரிடும் அந்த மனிதர் இரண்டு நாள் வேலையை விட்டு மலையிறங்கி, வரிசையில் நின்று, வெறுங்கையுடன் திரும்பியிருக்கிறார். "ஒரு எழுத்துதானேங்க ஐயா, அதுக்கு இம்புட்டு அலைச்சல்" என்றார் அத்தாய்.

அந்த ஓர் எழுத்து எவ்வாறு மாறியிருக்கக்கூடும் என்பதை மகளே நமக்கு விளக்கினாள். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் வலக்கை நடுவிரலுக்கு உரியது 'ம'. அடுத்திருக்கும் சுட்டுவிரலுக்கு உரியது 'த'. 1999ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையிலும் இவ்விரண்டும் பக்கத்துப் பக்கத்து விசைகளே. பதிவு செய்தவர் எந்தப் பலகையைப் பயன்படுத்தியிருந்தாலும், விரல் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக விலகினால் போதும், ஒரு மனிதனின் பெயர் மாறிவிடும். பாடம் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவள் இதைக் கண்டுகொண்டாளாம்.

கணினியில் விவரம் பதிதல் என்றவுடன் நம் பெற்றோர் பலரும் வேகத்தையே எண்ணுகின்றனர். பார்க்காமல் தட்டும் பயிற்சியின் பெரும்பயன் வேகமன்று என்பது நம் கருத்து. இரு விரல்களால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுபவரைச் சற்றுக் கவனியுங்கள். அவர் கண் முதலில் தாளைப் பார்க்கிறது. பிறகு விசைகளுக்கு இறங்குகிறது. பிறகு திரைக்கு ஏறுகிறது. மீண்டும் தாளுக்கு வருகிறது. தாளுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும், விட்ட இடத்தைக் கண் தேடவேண்டும். நாற்பது பெயர்கள் கொண்ட பட்டியலில் ஒருவரின் பெயருக்கு எதிரே மற்றொருவரின் பிறந்த நாள் ஏறுவது அந்தத் தேடலிலேதான். விரல்கள் தம் இடத்தைத் தாமே அறிந்தவனுக்கோ கண் தாளைவிட்டு நகரவேண்டிய தேவையில்லை.

இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. அமெரிக்க நாட்டின் சின்சினாட்டி நகரில் 1888ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் இருவர் தட்டச்சில் போட்டியிட்டனர். ஒருவர் சால்ட் லேக் நகரின் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் பிராங்க் மெக்கரின். விசைகளைப் பாராமல் பத்து விரல்களாலும் தட்டுபவர். மற்றவர் லூயி டிராப். விசைகளைப் பார்த்துத் தட்டுவதில் வல்லவர். சொல்லக் கேட்டுத் தட்டுவது ஒரு பகுதி. தாளைப் பார்த்துத் தட்டுவது மறு பகுதி. இரண்டிலும் மெக்கரினே வென்றார். பாராமல் தட்டும் முறை உலகெங்கும் பரவ அந்த வெற்றி பெரிதும் உதவியது.

இங்கே ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிடத் தோன்றுகிறது. தட்டெழுத்துப் பொறிகளில் மிகப் பழையனவற்றுள் ஒன்று, 1808ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியில் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர் பார்வையற்ற சீமாட்டி ஒருவருக்காகச் செய்தளித்தது. பார்க்காமல் எழுதுவதற்கென்றே பிறந்த கருவியை, பார்த்துப் பார்த்துத் தட்டுவோர் இன்று எத்தனை பேர்!

பயிற்சி எளியது, பொறுமைதான் அரியது. ஆங்கிலப் பலகையில் 'எஃப்', 'ஜே' என்னும் இரு விசைகளின்மீது சிறு மேடு இருக்கும். சுட்டுவிரல்கள் அங்கே அமர்ந்தால் மற்ற விரல்கள் தாமே தம் வீட்டில் அமரும். எங்கே சென்றாலும் விரல் அந்த வீட்டுக்குத் திரும்பவேண்டும். எண் பகுதியில் 5ஆம் விசையின்மீதும் அத்தகைய மேடு உண்டு. நடுவிரலுக்கு அதுவே வீடு. முதல் மாதத்தில் கைகளின்மீது ஒரு துண்டை விரித்துக்கொண்டு பழகலாம். ஒரே நாளில் மூன்று மணி நேரம் தட்டிவிட்டு ஒரு வாரம் ஓய்வதைவிட, நாள்தோறும் அரைமணி நேரம் தட்டுவது மேல். வேகம் தானே வரும், அதைத் துரத்தவேண்டாம்.

பழைய இரும்புப் பொறியில் பயில்வதால் என்ன பயன் என்று கேட்போர் உளர். இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் தட்டச்சுப் பொறி செய்வதை 2009ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது உண்மை. எனினும் தட்டச்சுப் பொறியில் அழிக்கும் விசை இல்லை என்பதை நாம் மறக்கலாகாது. தவறு தாளிலேயே நிற்கும். தேர்வில் மதிப்பெண் குறையும். ஆதலால் மாணவன் தட்டுமுன் பார்க்கிறான். கணினியில் தொடங்குபவனோ தட்டிவிட்டு அழிக்கிறான்; அழிக்க மறந்ததே அட்டையில் அச்சாகிறது. பொறியில் ஓராண்டு பயின்று கணினிக்கு வருபவரை நாம் சற்று அதிகமாகவே நம்புகிறோம்.

வேலை நாடுவோர்க்கு ஒரு கணக்கு. தமிழகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சுத் தேர்வில் ஆங்கில இளநிலைக்கு, அதாவது மக்கள் 'லோயர்' என்பதற்கு, நிமிடத்துக்கு 30 சொற்கள் வேண்டும். ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டுகள் எனக் கொண்டால் நிமிடத்துக்கு 150. மணிக்கு 9,000 தட்டுகள். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியில் விவரப் பதிவாளர் பணிகள் பலவற்றுக்கு வைக்கும் திறன் தேர்வு கேட்பதோ மணிக்கு 8,000 தட்டுகள். லோயரை நேர்மையாகத் தேறிய பிள்ளையின் விரல்கள் அந்த அளவை ஏற்கெனவே கடந்துவிட்டன. எழுத்துத் தேர்வில் வெல்லவேண்டும் என்பது வேறு செய்தி. விரலைப்பற்றிய அச்சமாவது வேண்டாம். தமிழக அரசின் தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேர்ச்சியும், 'ஆபீஸ் ஆட்டோமேஷன்' என்னும் கணினிச் சான்றிதழும் தேவை. இவற்றை விட்டுவிட்டுப் பெரும் பணம் கட்டி நீண்ட பெயருடைய கணினிப் படிப்பில் சேர்ப்பது, அஸ்திவாரமின்றி மாடி கட்டுவது போன்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் இத்தனை ஆயிரம்' என்று கைப்பேசிக்கு வரும் செய்திகளில் பல வெறும் வலை. முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். பிறகு, 'நீ செய்ததில் பிழை மிகுதி, ஒப்பந்தப்படி அபராதம் கட்டு' என்று வழக்கறிஞர் கடிதம் போன்ற ஒன்றைக் காட்டி மிரட்டுவார்கள். வேலை கொடுப்பவன் கூலி தருவான், முன்பணம் கேட்கமாட்டான். சிக்கிக்கொண்டோர் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்னும் எண்ணுக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

பெயர்ப் பிழையின் கொடுமையை நம் பங்குக் குடும்பங்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. திருமுழுக்குப் பதிவேட்டில் சூசை, பள்ளியில் யோசேப்பு, வங்கியில் ஜோசப் என மூன்று பெயரோடு அலையும் ஒருவரையேனும் அறியாதவர் யார்? மலைவாழ் மக்களுக்கோ இது இன்னும் கூர்மையானது. கல்வராயன் மலையின் பழங்குடியினருக்கு 'மலையாளி' என்று பெயர். அவர்கள் கேரளத்தார் அல்லர். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பட்டியல் பழங்குடியினர்க்குரிய உரிமைகள் அனைத்தும் அந்த ஒரு சொல் சான்றிதழில் சரியாக இருப்பதைப் பொறுத்தவை. ஓர் எழுத்துக்காக நாடாளுமன்றமே கூடவேண்டியிருந்ததும் உண்டு. சத்தீஸ்கர் மாநிலத்தில் புயின்யா, புயியான், புயான் என்று வெவ்வேறாக எழுதப்பட்ட பெயர்களைப் பாரியா பூமியா என்னும் பழங்குடியின் மாற்றுப் பெயர்களாகப் பட்டியலில் சேர்க்கும் திருத்தச் சட்டம் 2023ஆம் ஆண்டிலேதான் மாநிலங்களவையிலும் நிறைவேறியது.

துளை அட்டைகளில் விவரம் பதிந்த காலத்தில், ஒருவர் பதிந்த அட்டையை மற்றொருவர் மீண்டும் முதலிலிருந்து தட்டுவார். இருவர் தட்டியதும் ஒவ்வாத இடத்தில் பொறி நின்றுவிடும். இருவர் ஒரே இடத்தில் ஒரே தவற்றைச் செய்வது அரிது என்பதே அதன் அடிப்படை. இன்று பேச்சைக் கேட்டுக் கணினி தானே எழுதுகிறது, கையெழுத்தையும் படிக்கிறது. விவரப் பதிவு வேலைகள் குறைந்து வருவதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். ஆயினும் கணினி படித்தது சரியா என்று மூலத்தோடு ஒப்பிட ஒருவர் வேண்டும். அவருடைய கண்ணும் தாளில்தான் இருக்கவேண்டும்.

கரியாலூரில் பேருந்து நின்றது. இறங்குமுன் அப்பெண்ணிடம், அட்டை என்னவாயிற்று என்று கேட்டோம். மூன்றாம் முறை தந்தையுடன் அவளும் சென்றிருக்கிறாள். விண்ணப்பம் கணினியில் ஏறும்போது திரையைத் தன் பக்கம் சற்றுத் திருப்பச் சொன்னாளாம். "'ம'வானு பாத்துட்டுத்தாங்க ஐயா, அப்பாவக் கையெழுத்துப் போடச் சொன்னேன்" என்றாள். தாய் மூட்டையை எடுத்துக்கொண்டு முன்னே நடக்க, அவளும் இறங்கிச் சென்றாள்.