பல்லுக்குள்ளே கொத்தனார்

வீடு கட்டுகிற ஸிமெண்டையும் வாயில் இருக்கிற பல்லையும் சேர்த்துப் பேசினால், "இதென்ன பேத்தல்?" என்றுதான் நீங்கள் கேட்பீர்கள். ஆனால் விஷயம் என்னவோ உண்மைதான். 1824-ம் வருஷம் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோஸப் ஆஸ்ப்டின் என்பவர் 'போர்ட்லண்ட் ஸிமெண்ட்' என்ற புதுச் சரக்குக்கு உரிமை பதிவு செய்துகொண்டார். அந்த வம்சத்தில் வந்த ஒரு ஸிமெண்டைத்தான் இன்று பல் வைத்தியர்கள் குழந்தைகளின் பல்லுக்குள் வைக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவிலுள்ள லோமா லிண்டா சர்வகலாசாலையில் மஹ்மூத் தொராபிநெஜாத் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் அதை உருவாக்கினார்கள். 'எம்.டி.ஏ.' என்று அதற்குப் பெயர். (அதற்காக மாடியில் மிச்சமிருக்கும் மூட்டையை யாரும் அவிழ்த்துவிட வேண்டாம். பல்லுக்கு வைப்பது சுத்தம் செய்து, பரிசோதித்து, தனியாகத் தயாரித்த பண்டம்.)

பல்லைப் பார்த்தால் கல் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் வெளியே இருக்கும் எனாமலையும், அதற்கடுத்த டென்டினையும் தாண்டிப் போனால், நடுவில் மெத்தென்று ஒரு கூழ் இருக்கிறது. ரத்தக் குழாயும் நரம்பும் அங்கேதான். சொத்தை அந்தக் கூழ் வரைக்கும் போய்விட்டால் பல்லின் கதை முடிந்தது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள்.

1965-ம் வருஷம் அமெரிக்காவில் ககெஹாஷி, ஸ்டான்லி, பிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எலிகளின் பல்லைக் குடைந்து கூழைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகிப் போயிற்று. கிருமியே அண்டாமல் வளர்த்த எலிகளுக்கோ, அடைப்பு எதுவும் வைக்காமலே, சில வாரங்களில் ஓட்டையின் குறுக்கே புது டென்டின் பாலம் போட்டிருந்தது! ஆகவே பல்லுக்குத் தன்னைத் தானே பழுது பார்க்கத் தெரியும். கிருமிதான் அதைச் செய்யவிடாமல் தடுக்கிறது.

பாலம் போட்ட கொத்தனார் யார்? விடை வர முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று. 2000-ம் வருஷம் அமெரிக்க அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டான் குரோந்தோஸ், ஸாங்டாவ் ஷி முதலியவர்கள் மனிதரின் கடைவாய்ப் பல் கூழில் 'ஸ்டெம் ஸெல்'களைக் கண்டுபிடித்தார்கள். தமிழில் குருத்தணு என்று சொல்லலாம். வாழைக் குருத்து இலையாக விரிகிற மாதிரி, இவை தேவைக்குத் தக்கபடி டென்டின் செய்யும் அணுவாகவோ, எலும்பு செய்யும் அணுவாகவோ மாறக்கூடியவை. 2003-ல் பால்பல்லிலும் இவை இருப்பதை அதே ஷியும் அவர் சகாக்களும் வெளியிட்டார்கள். தம் சிறு பெண்ணின் விழுந்த பல்லில் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்த சதையைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை தோன்றியதாம். நாம் கூரைமேல் எறிகிற சமாசாரம்!

கொத்தனார் இருப்பது தெரிந்ததும், ஸிமெண்டைப் பற்றிய கேள்வியே மாறிவிட்டது. "ஓட்டையை அடைக்கிறதா, கெட்டியாக நிற்கிறதா?" என்பது பழைய கேள்வி. "பக்கத்திலுள்ள குருத்தணுவை வாழவைக்கிறதா, கொல்கிறதா?" என்பது புதிய கேள்வி.

இதை எப்படிச் சோதிக்கிறார்கள்? குருத்தணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறார்கள். ஸிமெண்டை ஒரு திரவத்தில் ஊறவைத்து, அந்தச் சாற்றை அவற்றின்மேல் விடுகிறார்கள். எத்தனை பிழைத்தன, எத்தனை பெருகின என்று எண்ணுகிறார்கள். சில வாரம் கழித்து அலிஸரின் என்ற சாயத்தை ஊற்றினால், சுண்ணாம்புச் சத்து படிந்த இடமெல்லாம் சிவக்கும், ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிற மாதிரி. சிவப்பு அதிகமானால் கொத்தனார் வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

இந்தப் பரீட்சையில் சில பழைய நண்பர்கள் தோற்றுப் போனார்கள். பல் வலித்தால் நாம் கிராம்பை நாடுகிறோம் அல்லவா? கிராம்பு எண்ணெயின் சத்தைத் துத்தநாகப் பொடியில் குழைத்த ஸிமெண்டைப் பல் வைத்தியர்களும் வெகுகாலமாக வைத்துவருகிறார்கள். வலியை அது தணிக்கும். ஆனால் திறந்த கூழின்மேல் நேராக வைத்தால் அணுக்களுக்குக் கெடுதல். பிசின் கலந்த சில ஸிமெண்டுகளிலும், சரியாக இறுகாத பிசின் கசிந்து அணுக்களை வாட்டுகிறது.

எம்.டி.ஏ. வகை ஸிமெண்டோ தண்ணீர் பட்டு இறுகும்போது சுண்ணாம்பைக் கசியவிடுகிறது. ஈரமாக இருக்கையில் அதன் காரத்தன்மை கடுமையானது. நேராகப் படும் அணுக்கள் கொஞ்சம் சாகத்தான் செய்கின்றன. ஆனால் அதே காரம் கிருமியையும் ஒடுக்குகிறது. டென்டினுக்குள் சிறைப்பட்டிருந்த வளர்ச்சிச் சத்துக்களையும் அவிழ்த்துவிடுகிறது. அந்த அழைப்பைக் கேட்டுக் குருத்தணுக்கள் வந்து கூடி, ஸிமெண்டுக்கு அடியில் புதுச் சுவர் எழுப்புகின்றன. வேர் நுனியில் சீழ் வைத்து எலும்பு அரித்த இடத்தில் இதை வைத்தால், பக்கத்து எலும்பு மறுபடி வளர்வதையும் பார்த்திருக்கிறார்கள்.

குறையும் உண்டு. முதலில் வந்த சரக்கு இறுகுவதற்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பிடித்தது. முன்பல்லைச் சாம்பல் நிறமாக்கியும் விட்டது. பின்னால் வந்த ரகங்களில் சில கால் மணிக்குள் இறுகிவிடுகின்றன. நிறமும் அவ்வளவாக மாறுவதில்லை.

"இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?" என்கிறீர்களா? உங்கள் ஏழு வயதுப் பையன் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலைப்பல் முளைத்தபின் அதன் வேர் முற்றுவதற்குச் சுமார் மூன்று வருஷம் ஆகும். அதற்குள் கூழ் செத்துவிட்டால் வேர் மெல்லிசாக, நுனி மூடாமலே நின்றுபோகும். பிற்பாடு ஒரு சின்ன அடிக்கே முறியும். கூழுக்கு உயிர் இருக்கும்போதே போனால், மேலாகக் கெட்டதை மட்டும் எடுத்துவிட்டு இந்த ஸிமெண்டை வைக்கலாம். அடியில் வேர் தன்பாட்டுக்கு வளர்ந்து முடியும்.

செத்த பிறகும் ஒரு வழி இருக்கிறது. உள்ளே சுத்தம் செய்து, வேர் நுனியில் சிறிது ரத்தம் கசியச் செய்து, மேலே ஸிமெண்டால் மூடுகிறார்கள். ரத்தத்தோடு குருத்தணுக்களும் வந்து சேருகின்றன. ஆனால் அங்கே வளர்வது பெரும்பாலும் அசல் கூழ் அல்ல. எலும்பைப் போன்ற ஏதோ ஒன்றுதான். குருத்தணு கெட்டிக்காரத்தனமானது, எனினும் நாம் சொன்னபடியே கேட்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

இதனால்தான், "பால்பல்லைப் பத்திரப்படுத்தி வைக்கிறோம், பிற்காலத்தில் எல்லா வியாதிக்கும் உதவும்" என்று யாராவது பணம் கேட்டால் சற்று நிதானியுங்கள். பரீட்சைகள் நடக்கின்றன, அப்படிச் சர்வரோக நிவாரணி எதுவும் இன்னும் கைக்கு வரவில்லை.

குழந்தைக்குப் பல் உடைந்தால், உடைந்த துண்டைப் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். "கூழுக்கு உயிர் இருக்கிறதா? வேர் முற்றிவிட்டதா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். வைத்தியம் முடிந்து, "ஆறு மாதம் கழித்து வந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால், "வலிதான் இல்லையே, எதற்கு வீண் செலவு?" என்று இருந்துவிடாதீர்கள். கூழ் சத்தமில்லாமலே செத்துப்போவதும் உண்டு. உள்ளே கொத்தனார் வேலை செய்கிறாரா என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.