கீரைத் தட்டுக்கு எந்தத் தும்புத் தூள்?

நுவரெலியாவின் குளிரிலே தென்னை பயன் தருவதில்லை. ஆயினும் தென்னையின் ஒரு பகுதி இன்று லொறி ஏறி அம்மலைக்கு வந்து, விதைக் கடைகளில் செங்கல் போலக் கட்டி கட்டியாக அடுக்கப்பட்டிருக்கிறது. ‘கொக்கோபீற்’ என்று அதற்குப் பெயர் சொல்லி விற்கிறார்கள். நம் வழக்கில் அது தும்புத் தூள். தேங்காய் மட்டையிலிருந்து தும்பைப் பிரித்தெடுக்கும்போது உதிரும் தவிட்டு நிறத் தூளே அது. அதனைத் தட்டிலே பரப்பி, கடுகு, முள்ளங்கி, வெந்தயம் முதலியவற்றை விதைத்து, இளம் பயிராகவே அறுத்துண்ணும் வழக்கம் இப்பொழுது இல்லங்களில் புகுந்திருக்கிறது. எந்தத் தூளை வாங்குவது என்பதே இவ்வாரம் நாம் ஆராயும் பொருள்.

இவ்விளம் பயிரை ‘மைக்கிரோகிறீன்ஸ்’ என்பர். நாம் நுண்கீரை எனலாம். விதையிலைகள் இரண்டும் விரிந்து, அடுத்த இலை தலைகாட்டும் பருவத்தில், பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள் இதனை அறுப்பர். லயன் அறைகளில் வாழும் குடும்பத்திற்குக் காணி இல்லை. வாசலில் நாலடி மண் கிடைத்தாலும் மழை அதனை அள்ளிச் செல்லும். அத்தகைய வீட்டிலும் யன்னலோரத்தில் ஒரு தட்டு வைக்க இடமுண்டு. இதுவே நுண்கீரையின் சிறப்பு.

ஆனால் இதனை அமுதம் என்று புகழ்வோரை நாம் நம்பவேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்துறையிலோ ஏறக்குறைய 32 பேர். ஒரு பிடி கீரை இக்குறையைத் தீர்த்துவிடாது. முட்டை, பால், பருப்பு, மீன் ஆகியவற்றிற்கு அது ஈடாகாது. அவற்றோடு சேர்ந்து தட்டிற்குப் பசுமை தரும், அவ்வளவே. ஆதலின் இதற்கெனச் செலவிடும் பணம் சிறிதாக இருத்தல் வேண்டும். அச்சிறு பணமும் வீணாகாதிருத்தல் வேண்டும். நாட்கூலியிலிருந்து மிச்சம் பிடித்து வாங்கிய தூள் உப்பாக இருந்து விதை முளையாது போனால், அந்தத் தாய் மறுமுறை தட்டெடுக்கமாட்டாள்.

தும்பை ஆங்கிலேயர் ‘கொயர்’ என்பர். அச்சொல் நம் கயிறு என்ற சொல்லின் உறவே. மலையாளக் கரையிலிருந்து ஐரோப்பா சென்றது. கயிற்றுக்கு நார் உதவிற்று. தூளோ நெடுங்காலம் குப்பையாகவே கிடந்தது. குருநாகல், புத்தளம், கம்பஹா ஆகிய தென்னை முக்கோணத்து ஆலைகளின் அருகே அது குன்று குன்றாகக் குவிந்திருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் தோட்டக்காரர் சிறிது காலம் இதனைக் கையாண்டு பின்னர் மறந்தனர். சென்ற நூற்றாண்டின் இறுதியில், சதுப்பு நிலத்து முற்றாநிலக்கரியை அகழ்வது இயற்கைக்குக் கேடு என்ற எண்ணம் வலுக்கவே, மீண்டும் தும்புத் தூளை நாடினர். இன்று அது இலங்கையின் ஏற்றுமதிப் பண்டங்களுள் ஒன்று.

இத்தூளின் பெருங்குணம் நீரைத் தாங்குதல். தன் எடையைப் போல் எட்டு மடங்கு நீரை அது ஏந்திக்கொள்ளும். புளிப்புத் தன்மையும் அளவானது. களைவிதையும் மண்கிருமியும் தோட்டத்து மண்ணைவிட மிகக் குறைவு. ஆயினும் எல்லாத் தூளும் ஒரே தரமன்று. வாங்குமுன் மூன்றினை ஆராய்தல் வேண்டும்.

முதலாவது உப்பு. தென்னை தானே உப்பை விரும்பி உண்ணும் மரம். அன்றியும் தென்கரையோரத்தில் மட்டைகளை உவர்நீர்க் களப்புகளில் மாதக்கணக்கில் ஊறவைப்பது பழைய தொழில்முறை. அவ்வாறு ஊறிய மட்டையின் தூளில் உப்பு மிகுந்திருக்கும். வளர்ந்த செடி அதனை ஓரளவு பொறுக்கும். முளைவிடும் விதை பொறுக்காது. ஆகவே ‘கழுவியது’ என்று குறித்த கட்டியையே கேட்டு வாங்குக. உறையில் மின்கடத்துதிறன் குறிக்கப்பட்டிருந்தால், அது 0.5 மில்லிசீமன்சுக்குக் குறைவாக இருப்பது நன்று. ஆலைவாசலில் மலிவாகக் கிடைக்கும் கழுவாத தூளே கையிலிருந்தால், சாக்கிலிட்டு நல்ல நீரில் மூன்று நான்கு முறை ஊறவைத்துப் பிழியவேண்டும். வடியும் நீரின் தேயிலைச் சாய நிறத்தைக் கண்டு அஞ்சவேண்டாம். அந்நிறம் மட்டையின் துவர்ப்பினால் வருவது, உப்புக்கு நிறமில்லை.

சில கட்டிகளில் ‘கல்சியம் ஊட்டியது’ என்று எழுதி விலையை உயர்த்தியிருப்பர். தூளில் ஒட்டியுள்ள சோடியத்தையும் பொற்றாசியத்தையும் கல்சியத்தால் பெயர்த்தெடுக்கும் முறை அது. மாதக்கணக்கில் நின்று காய்க்கும் தக்காளிக்கு அது பயன்படும். நுண்கீரையோ விதையிலுள்ள சேமிப்பைக் கொண்டே பெரும்பாலும் வளர்ந்து, இரண்டு வாரத்தில் அறுக்கப்படுவது. அதற்காக மிகுவிலை கொடுக்கவேண்டியதில்லை.

இரண்டாவது பருமன். மாவுபோல் அரைத்த தூள் அழகாகத் தோன்றும். ஆனால் நனைந்தால் சேறுபோல் இறுகி, வேருக்குக் காற்று விடாது. கொழும்பின் வெயிலில் இது பெருங்குறையன்று. மலைநாட்டிலோ கதை வேறு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 16 பாகை. அட்டன், டிக்கோயாப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஓயாது. அங்கு ஈரம் உலர்வதில்லை. நாற்றழுகல் நோய் ஓரிரவில் தட்டு முழுவதையும் சாய்த்துவிடும். ஆதலின் மலைநாட்டினர் குறுந்தும்பு சிறிது கலந்த, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும் தூளையே தேர்தல் வேண்டும். மென்தூள்தான் கிடைத்ததெனின், பிய்த்த தும்பை நாலில் ஒரு பங்கு கலந்துகொள்ளலாம். தைமாசிப் பனிக்காலத்துப் பகல் வெயிலில் மட்டும் மென்தூள் குற்றமன்று.

மூன்றாவது வடிவம். தும்பினால் நெய்த விரிப்பும் விற்கிறார்கள். அது துப்புரவானது, ஆயினும் விரைவில் காயும், ஒருமுறைக்கே உதவும், விலையும் கூடுதல். மட்டைச் சில்லுகள் அந்தூரியத்திற்கும் ஓக்கிட்டுக்கும் உரியவை. நுண்விதை அவற்றின் இடுக்கில் விழுந்து மறையும். வீட்டுக்கு ஏற்றது அழுத்திய சிறு கட்டியே. 650 கிராம் கட்டி ஒன்று நனைந்து ஊதினால் ஏறக்குறைய 8 லீற்றர் தூளாகும். இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த நீளமும் முக்காலடி அகலமும் உள்ள தட்டில் ஓரங்குலம் பரப்ப 3 லீற்றர் போதும். எனவே ஒரு கட்டி இரண்டு தட்டுக்கு மேலும் வரும்.

வாங்கிய தூளை முதலிலே சோதித்துக்கொள்க. ஒரு சிரட்டையில் தூளும் மற்றொன்றில் ஈரத்துணியும் இட்டு, இரண்டிலும் இருபது கடுகை எண்ணிப் போடுங்கள். ஐந்தாறு நாளில் துணியில் முளைத்தவை தூளில் முளையாவிடின், குற்றம் விதையினதன்று, தூளினதே. மீண்டும் கழுவுக. பாடசாலைப் பிள்ளைகள் செய்வதற்கும் இது நல்ல பரிசோதனை.

கட்டியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிடித்துப் பிழிந்தால் சில துளிகள் மட்டும் சொட்டும் பதத்தில் பரப்புங்கள். தட்டின் அடியில் துளை இருத்தல் அவசியம். கடுகு 15 கிராமுக்கு மேல் வேண்டாம். நெருங்கி விதைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். முளைத்தபின் மேலே தெளியாது, அடியில் நீர் வைத்து உறிஞ்சவிடுக. வேரைச் சுற்றி வெண்பஞ்சு போலத் தோன்றுவதெல்லாம் பூஞ்சணமன்று. நீர் தெளித்தவுடன் அது படிந்து மறைந்தால் வேர்த்தூவி. சிலந்திவலைபோல் தூளின்மேல் படர்ந்து நாறினால் பூஞ்சணம். அத்தட்டை உண்ணாது கொட்டிவிடுக.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. விதைக்கென்றே நிறமூட்டி விற்கும் விதைகளில் பூஞ்சண மருந்து பூசப்பட்டிருக்கும். அவற்றை நுண்கீரைக்கு ஒருபோதும் கொள்ளற்க. சமையலறைக் கடுகும் வெந்தயமும் பயறுமே போதும். ஓடையிலிருந்து குழாய்வழி வரும் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றியே தட்டுக்கும் கீரை கழுவவும் பயன்படுத்துக. கருவுற்ற தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும் பச்சையாகக் கொடாது, சுண்டலிலோ பருப்பிலோ இட்டு நன்றாக வேகவைத்துக் கொடுப்பதே தக்கது.

அறுத்த தட்டின் தூளில் வேர்கள் அழுகுமாதலால், மறுமுறை அதிலேயே விதைத்தலாகாது. ஆனால் அதனை எறியவும் வேண்டாம். மாட்டெருவோடு கலந்து மக்கவிட்டு, வாசற் பாத்தியில் இடுங்கள். தூள் தனியே மக்குவதற்கு நெடுநாட் செல்லும். எரு சேர்ந்தால் விரைவுபடும். மக்கிய தூள் மழைநீரைப் பிடித்து நிறுத்தி, அந்த நாலடி மண்ணுக்கும் வலுவூட்டும்.

கழுவியதா, பொலபொலப்பானதா, விலை சிறியதா என்ற மூன்று கேள்விகளையும் கடையில் நின்று கேட்க எவரும் நாணவேண்டியதில்லை. விடை சொல்ல விரும்பாத கடைக்காரரிடம் பணத்தைக் கொடாது, அடுத்த கடைக்கு நடப்பதே சிக்கனம்.