எக்ஸ்ரே ரூமும் அணு பாதுகாப்புதான்: சட்டசபையில் கேட்பது யார்?

பள்ளிக்கூடத்துக்கு கட்டிடம், ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வேணும்னு எம்.எல்.ஏ.க்கள் சட்டசபையில் கேட்பது சகஜம். அணு பாதுகாப்பு என்றால் மட்டும் அது டெல்லி சமாச்சாரம் என்று நழுவி விடலாம்.

தாம்பரமும் கல்பாக்கம் அணுமின் நிலையமும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம்தான். ஆனால் கல்பாக்கம் வரை போகவே வேண்டாம். தெருமுனை எக்ஸ்ரே சென்டரை கண்காணிப்பதும் அதே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்தான்.

அந்த வாரியத்தின் லட்சணத்தை 2012-ல் மத்திய தணிக்கை துறை புட்டுப் புட்டு வைத்தது. நாட்டில் 57 ஆயிரத்து 443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்கள். பதிவு செய்தவை வெறும் 5 ஆயிரத்து 270! விதியை மீறினால் அப்போது அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். இன்று ஹெல்மெட் போடாமல் போனாலே ஆயிரம் ரூபாய் கட்டணும்.

மாநிலந்தோறும் கதிர்வீச்சு பாதுகாப்பு இயக்குனரகம் அமைக்க சுப்ரீம் கோர்ட்டு 2001-லேயே சொன்னது. 2012 வரை அமைத்தவை கேரளா, மிசோரம் மட்டும். தமிழ்நாடு லிஸ்டிலேயே இல்லை.

முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பாராளுமன்ற பொதுக்கணக்கு குழு இதை விசாரித்து 2013-ல் அறிக்கை தந்தது. ஆன்லைன் பதிவும் வந்தது. மிச்சத்தை கேட்க வேண்டியது நம்ம எம்.எல்.ஏ.தான். ஆஸ்பத்திரி மாநில அரசின் கையில் ஆச்சே!

குரோம்பேட்டை முதல் கூடுவாஞ்சேரி வரை எத்தனை எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் சென்டருக்கு லைசென்ஸ் இருக்கு? கடைசியாக எப்போது சோதனை நடந்தது? மிஷினை இயக்கும் பையன் அதற்குப் படித்தவனா? கதிர்வீச்சை அளக்கும் பாட்ஜ் அவன் சட்டையில் இருக்கா? கர்ப்பிணியா என்று பெண்களிடம் முதலில் கேட்கிறார்களா?