எல்லாத்தையும் பொதுவுல கொட்டாதீங்க மக்கா!

பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம், பயப்படாதீங்க :-)

2019 நவம்பர் 26 அன்னிக்கு விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு எங்க கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு. இப்ப ஒரு வெப் அப்ளிகேஷனை நினைச்சுக்கோங்க. பயனரோட மாவட்டம் முகவரிப் படிவத்துல ஒரு காப்பி, ரசீதுல ஒரு காப்பி. படிவத்துல ஊர்க்காரர் கள்ளக்குறிச்சின்னு மாத்துவார். ரசீது விழுப்புரம்னே அடிக்கும். அவர் அதைத் தூக்கிட்டு அலையணும்.

இதுக்குத்தான் குளோபல் ஸ்டேட். தகவல் ஒரே இடத்துல, மாத்துறதுக்கும் ஒரே வழி. ஏரித் தண்ணி ஊருக்கே பொது, ஆனா மடையை ஆளாளுக்குத் திறக்க முடியாதில்லையா, அது மாதிரி. ஃபேஸ்புக் 2014ல ஃப்ளக்ஸ் கொண்டு வந்ததும், 2015ல ரீடக்ஸ் வந்ததும் இந்த வழியிலதான்.

நம்மாளுங்க என்ன பண்றாங்க? மெனு திறந்திருக்கா, பெட்டியில பாதி தட்டின எழுத்து என்னன்னு அத்தனையும் ஸ்டோர்ல கொட்டறாங்க. குடத்துத் தண்ணியை யாராவது ஏரியில ஊத்தி வைப்பாங்களா? ரீடக்ஸை உருவாக்கின டேன் அப்ரமோவே, உங்களுக்கு இது தேவைப்படாமலும் போகலாம்னு 2016ல எழுதிட்டார்.

என் கணக்கு இதுதான்:

1. ஒரு காம்பொனென்டுக்கு மட்டும் வேணும்னா அங்கேயே இருக்கட்டும்.

2. பல திரைக்கு வேணும்னா பொதுவுல.

3. சர்வர்ல இருந்து வர்ற பட்டியல் நம்ம சொத்து இல்லை, வெறும் நகல். 2019க்கு முன்ன 32 மாவட்டம், இப்ப 38. நகல் பழசாகும், அப்பப்ப புதுப்பிக்கணும்.

மூணாவதை மறந்தா ரீடக்ஸ் இருந்தும் ரசீதுல விழுப்புரம்தான்.

நீங்க என்ன சொல்றீங்க?