அரண்மனையைப் பார்ப்போம், அண்ணாந்து அல்ல

விடுமுறை வந்தால் நம் குடும்பங்கள் சேர்ந்து பஸ் பிடித்து ஊர் சுற்றிவருவது வழக்கமாகிவிட்டது. பரோடா பக்கம் போகிறவர்கள் லட்சுமி விலாஸ் அரண்மனையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. “மன்னராட்சி ஒழிந்து எத்தனையோ காலம் ஆயிற்று. பாடுபட்டுச் சேர்த்த காசைக் கொடுத்து அவர்கள் மாளிகையை நாம் ஏன் பார்க்க வேண்டும்?” என்று கேட்கிற தோழர்களும் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் போகத்தான் வேண்டும் என்பது நம் கருத்து. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அரண்மனை 1890-இல் கட்டி முடிந்தது. கட்டச் சொன்னவர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட். தர்பார் மண்டபத்தின் தரையில் வெனிஸ் நகரத்து மொசைக் வேலை. ஜன்னல்களில் பெல்ஜியத்து வண்ணக் கண்ணாடி. இத்தாலியச் சிற்பி ஃபெலிச்சியின் சிலைகள். வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ஃபதேசிங் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவின் ஓவியங்கள். அந்தக் கட்டடம் அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று கட்டிய பள்ளிக்கூடம். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வரச் சின்னதாக ஒரு ரயிலும் ஓடியது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? வழிகாட்டி இதைச் சொல்லமாட்டார். சமஸ்தானத்தின் வருமானத்தில் பெரும் பங்கு நிலவரி. அதாவது பருத்தியும் கம்பும் விளைவித்த குடியானவன் கொடுத்த பணம். அரண்மனை எழுந்து பத்தாண்டு ஆகுமுன் 1899-1900 பஞ்சம் வந்தது. 1891 கணக்கெடுப்பில் சுமார் 24 இலட்சமாக இருந்த சமஸ்தானத்தின் மக்கள்தொகை 1901-இல் சுமார் 19½ இலட்சமாகக் குறைந்தது. மொசைக் தரையைப் பார்க்கும்போது இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நம்மவர் கதை. சாயாஜிராவ் சிறுவனாக இருந்தபோது சமஸ்தானத்தை நடத்திய திவான் சர் டி. மாதவராவ், கும்பகோணத்தில் பிறந்தவர். 1880-இல் மன்னருக்கு மணமகளாக வந்த லட்சுமிபாய் தஞ்சை மராட்டியக் குடும்பத்துப் பெண். அவரோடு தஞ்சாவூரிலிருந்து ஆடல் மகளிரும் நட்டுவனார்களும் வந்தார்கள். காந்திமதி, கௌரி என்ற இருவரின் பெயர் நிலைத்திருக்கிறது. கலைஞர்களுக்கென்று இருந்த இலாகாவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் அவர்கள். வயிற்றுப் பிழைப்புக்காக ஊரை விட்டு, மொழி தெரியாத சீமைக்கு வந்து, அங்கேயே வேரூன்றியவர்கள். அவர்களின் வழிவந்தவர்கள் பிற்காலத்தில் ‘தஞ்சோர்க்கர்’ என்றே பெயர் பெற்றார்கள். நம்மைப் போல வேறென்ன? அரண்மனையில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய முதல் கதை இதுதான்.

அரண்மனை வேலையை முதலில் ஏற்ற பொறியாளர் மேஜர் மான்ட் 1881-இல் இறந்தபின் அதை முடித்தவர் சிஷோம். சென்னைக் கடற்கரையில் நிற்கும் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கட்டியவரும் அவரே. திவான் பெயர் தெரிகிறது, சிஷோம் பெயர் தெரிகிறது, ஓவியர் பெயர் தெரிகிறது. கல் சுமந்தவர், சாந்து குழைத்தவர், சாரம் கட்டியவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. கட்டட வேலை செய்கிற நம் தோழர்கள் இதை உடனே கவனிப்பார்கள்.

ரவிவர்மா படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரண்மனைக்கென்று 14 புராணப் படங்கள் வரையும்படி 1888-இல் அவரிடம் சொல்லப்பட்டது. பெரிய இடத்துச் சுவரோடு அவர் படங்கள் நின்றிருந்தால் நமக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இருந்திராது. படங்களை அச்சடித்துப் பரப்பலாமே என்று 1884-இலேயே அவருக்கு யோசனை எழுதியவர் அதே மாதவராவ். 1894-இல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கியது. கோயிலுக்குள் நுழைய விடாமல் தடுக்கப்பட்டவன் வீட்டுச் சுவரிலும் லட்சுமியும் சரஸ்வதியும் வந்து தொங்கினார்கள். நம் வீட்டுக் காலண்டரில் இருக்கும் முகம் அங்கிருந்து வந்ததுதான். சாமி கும்பிடாதவர்களும் இதை அறிந்துகொள்ள வேண்டும்: கலை மேல்தட்டை விட்டு இறங்கி வந்தது அச்சு இயந்திரத்தின் வழியாக.

சாயாஜிராவை வெறும் ஆடம்பரக்காரர் என்று தள்ளிவிடவும் முடியாது. குக்கிராமத்தில் பிறந்து 12 வயதில் தத்தெடுக்கப்பட்டவர் அவர். 1906-இல் சமஸ்தானம் முழுவதும் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி கொண்டுவந்தார். 1913-இல் இளைஞர் அம்பேத்கரை அமெரிக்காவுக்கு அனுப்பிய உதவித்தொகை அவர் கொடுத்தது. ஆனால் 1917-இல் அதே அம்பேத்கர் பரோடாவில் உத்தியோகம் ஏற்க வந்தபோது தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. ரயிலுக்கு நேரமாகும்வரை ஒரு பூங்காவில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மன்னர் நல்லவராக இருந்தார், ஊர் மாறவில்லை. “வாடகைக்கு வீடு இல்லை” என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய நமக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்.

அந்தப் பூங்காவே இன்றைய சாயாஜி பாக். அங்கேதான் 1894-இல் நிறுவப்பட்ட பரோடா அருங்காட்சியகமும் இருக்கிறது. அது அரசாங்கத்தினுடையது, பொதுச் சொத்து. எகிப்திய மம்மியும் நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடும் பார்த்தால் குழந்தைகள் நகரமாட்டார்கள். அரண்மனையோ இன்றும் தனிச் சொத்து. 1971-இல் மன்னர் மானியம் ஒழிந்தது, மாளிகை ஒழியவில்லை. குடும்பம் அங்கேயே வாழ்கிறது. நுழைவுக் கட்டணம் நான்கு பேர் உள்ள தொழிலாளிக் குடும்பத்துக்குக் கனக்கத்தான் செய்யும்.

ஆகவே நாம் சொல்வது இது. அடுத்த பயணத்தில் காலையில் அரண்மனை, பிற்பகலில் பொது அருங்காட்சியகம், மாலையில் பூங்காவில் எல்லாரும் உட்கார்ந்து அம்பேத்கர் கதை. அரண்மனைக் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களுக்குச் சங்கம் பாதியாவது தர வேண்டும். பஸ் கிளம்புமுன் பெரியவர் ஒருவர் தஞ்சாவூர் ஆட்டக்காரிகள் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தான் கண்டதில் ஒன்றைத் தமிழில் எழுதித் தரட்டும். அவற்றை இந்த இதழிலேயே வெளியிடலாம். தமிழ் படிக்க வாய்ப்புக் குறைந்த நம் பிள்ளைகளுக்கு அது ஒரு பயிற்சியும் ஆகும்.